ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

என் மகள் போகும் குழந்தைகள் காப்பகத்து டைரியில் தினமும் இரண்டு எண்கள் எழுத வேண்டும். நேற்று இரவு பிள்ளைக்கு எத்தனை டிகிரி, இன்று காலை எத்தனை டிகிரி. முப்பத்தேழரையைத் தொட்டால் காய்ச்சல் என்று உள்ளே விடமாட்டார்கள். உள்ளே விட்ட பிறகு தொட்டால் போன் வரும். அந்தப் போன் எனக்குத்தான் வரும். விண்ணப்பத்தில் முதல் போன் எண்ணாக என் கணவர் தோமோயாவின் எண்ணை எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை ஒரு தடவைகூட அவருக்குப் போனதில்லை. ஏன் என்று கேட்டால், அப்பாவுக்கு வேலை இருக்குமே என்று யோசித்தோம் என்கிறார்கள். நான் என்ன, பகலெல்லாம் காலை நீட்டிப் படுத்திருக்கிறேனா?

இந்த வருடம் ஃப்ளூ அக்டோபரிலேயே வந்துவிட்டது. எங்கள் ஊர் தொயாமாவில் மலை உச்சியில் முதல் பனி விழுந்ததாகச் செய்தி வந்த வாரமே, காப்பக வாசலில் வெள்ளைப் பலகையை மாட்டிவிட்டார்கள். எந்த வகுப்பில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அதில் தினமும் எழுதுவார்கள். அதைப் பார்க்காமல் உள்ளே போவதற்குக் கல்நெஞ்சம் வேண்டும். நான் காலையில் பலகையைப் பார்ப்பேன், பிறகு என் மகள் சுமிரேவின் மூக்கைப் பார்ப்பேன்.

சுமிரேவுக்கு ஆறு வயது முடியப்போகிறது. காப்பகத்தில் இது கடைசி வருடம். கடைசி வருடத்துப் பிள்ளைகள் விளையாட்டு விழாவில் மூங்கில் கால் ஏறி நடக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இரண்டு மூங்கில் கழிகள், காலை வைக்க ஒவ்வொன்றிலும் ஒரு கட்டை. ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளையோடு சேர்ந்து அதைச் செய்யச் சொன்னார்கள். கயிற்றை இறுக்கிக் கட்டுகிறேன் என்று கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தேன். தோமோயா போட்டோ எடுத்தார்.

பதினெட்டுப் பிள்ளைகளில் பதினேழு பேர் செப்டம்பரிலேயே நடந்துவிட்டார்கள். மிச்சம் ஒருத்தி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறுவாள், ஒரு அடி வைப்பாள், விழுவாள். உள்ளங்கையில் கொப்புளம், முழங்காலில் சிராய்ப்பு. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளுடைய வகுப்பு டீச்சர் ஹனாஎ, இருபத்து நான்கு வயதுப் பெண், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்பாராம். தினமும் மதியத் தூக்கத்துக்கு முன் பத்து நிமிடம், ஒன்றரை மாதம். அக்டோபர் முதல் வாரத்தில் ஒருநாள் சுமிரே பத்து அடி நடந்துவிட்டாள். அன்று ஹனாஎ டீச்சர் டைரியில் கட்டத்தை எல்லாம் தாண்டி அரைப்பக்கம் எழுதியிருந்தார். வண்டி நிறுத்தத்தில் உட்கார்ந்து அதைப் படித்து அழுதேன்.

விழா சனிக்கிழமை. அன்று விடியற்காலை நாலரைக்கு எழுந்து கோழி பொரித்து, முட்டை சுருட்டி, சோற்று உருண்டை பிடித்து, நான்கு பெட்டி அடுக்கி முடித்தபோது போனில் செய்தி வந்தது. மழை, அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைப்பு. கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேரும் அதைச் சாப்பிட்டோம். அடுத்த வாரமும் இதையே செய் என்று தோமோயா சொன்னார். பாராட்டாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுமிரே டிவி முன்னால் தரையில் படுத்தாள். அவள் பகலில் படுக்கிற பிள்ளை இல்லை. கழுத்தில் கை வைத்தேன், சுட்டது. தெர்மாமீட்டர் முப்பத்தேழு புள்ளி எட்டு என்றது. மறுபடி வைத்தேன், அதே எட்டு.

எனக்கு முதலில் வந்தது பயமோ பரிதாபமோ இல்லை, கோபம். உள்ளதைத்தான் சொல்கிறேன். நான் வேலை பார்ப்பது மருந்துகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கம்பெனியில். அங்கே பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. திங்கட்கிழமை காலை வெளியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், பதில் சொல்ல வேண்டியவள் நான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது எடுக்க வருடத்துக்கு ஐந்து நாள் விடுப்பு. அந்த ஐந்தும் மே மாதத்தோடு தீர்ந்துவிட்டன. நாளைக்கு ஒரு நாள் நீ இரு என்று தோமோயாவிடம் கேட்டேன். தன் கம்பெனியில் லாரி ஓட்டுநர்கள் புதிதாக இரண்டு பேர் சேருகிறார்கள், தான் இல்லாவிட்டால் ஆகாது என்றார். அப்புறம், உன் ஆபீஸ்காரர்கள் நல்லவர்கள், கேட்டால் விடுவார்கள் என்றார். நல்லவர்கள்தான். ஒவ்வொரு தடவையும் அந்த நல்லவர்கள் முன்னால் முதுகு வளைத்து மன்னிப்புக் கேட்பது யார்?

குளிர்பெட்டிக் கதவில் வசந்த காலத்துக் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து மிச்சம் இருந்தது, பின்பக்கம் வைக்கிற வகை. வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் முப்பத்தாறு புள்ளி ஒன்பது. சோறு வேண்டாம் என்றாள், அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். நான் டைரியை எடுத்து, நேற்று இரவு 36.6, இன்று காலை 36.5, நன்றாகச் சாப்பிட்டாள் என்று எழுதினேன். கம்பெனியில் குளிரறையின் வெப்ப அளவைப் பார்க்காமலே எழுதிவைத்த பையனைப் போன மாதம் ஒரு மணி நேரம் நிற்க வைத்துத் திட்டியவள் நான்தான்.

வண்டியில் சுமிரேவின் பெல்ட்டை மாட்டிவிடும்போது சொன்னேன்.

"டீச்சர் கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லு. காய்ச்சல்னு சொல்லிடாத. சரியா?"

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

மதியம் ஒன்று நாற்பதுக்குப் போன் வந்தது. ஆய்வுக்காரர்கள் மூன்றாவது பதிவேட்டைத் திறந்திருந்தார்கள். முப்பத்தெட்டு புள்ளி ஏழு. எல்லாரிடமும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினேன். காப்பகத்து ஆபீஸ் அறையில் ஹனாஎ டீச்சர் தரையில் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய சுமிரேவை மடியில் வைத்திருந்தார். சுமிரேவின் முகம் அவர் கழுத்தில் புதைந்திருந்தது. காலையிலிருந்து கொஞ்சம் சோர்வாகத்தான் இருந்தாள், ஆனாலும் மூங்கில் கால் பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள், நான்தான் முன்பே கவனித்திருக்க வேண்டும் என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் பெருந்தன்மையாக, பரவாயில்லை டீச்சர் என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர், காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். இன்று மதியம் என்றேன். இவ்வளவு சீக்கிரம் பரிசோதனையில் தெரியாதே என்று சொல்லிக்கொண்டேதான் குச்சியை மூக்கில் விட்டார். கோடு உடனே வந்தது, தடிமனாக. ஃப்ளூ ஏ வகை. அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மருந்து எழுதினார். தொடங்கிய தேதி என்று சீட்டில் திங்கட்கிழமையைப் போட்டார்.

மருந்து நன்றாகக் கேட்டது. செவ்வாய் இரவே காய்ச்சல் விட்டுவிட்டது. புதன்கிழமை காலை அவள் உப்பில் ஊறிய பிளம் பழம் போட்ட கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, சனிக்கிழமை எத்தனை தூக்கம் கழித்து வரும் என்று கேட்டாள். மூன்று தூக்கம் என்றேன். அப்போதுதான் காலண்டரைப் பார்த்தேன்.

விதி இதுதான்: ஃப்ளூ வந்தால் காய்ச்சல் தொடங்கிய நாள் கணக்கில் சேராது. மறுநாளிலிருந்து ஐந்து முழு நாள் வீட்டில் இருக்க வேண்டும், காய்ச்சல் விட்டும் மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும். இந்த மூன்று நாள் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும், அதில் பிரச்சினை இல்லை. ஐந்து நாளில்தான் இடித்தது. திங்கள் சேராது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வரலாம். விரலை மடக்கினேன், விரித்தேன், மறுபடி மடக்கினேன். ஒரே ஒரு நாள். உண்மையில் தொடங்கியது ஞாயிற்றுக்கிழமை. அதை எழுதியிருந்தால் ஐந்து நாள் வெள்ளியோடு முடிந்திருக்கும், சனிக்கிழமை காலை அவள் மூங்கில் காலோடு வரிசையில் நின்றிருப்பாள். என் கையெழுத்தில் நானே எழுதிய 36.6 அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. காப்பகத்தில் மூங்கில் கால் நடப்பது ஒரே ஒரு தடவைதான். அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது, ஏப்ரலில் பள்ளிக்கூடம் போய்விடுவாள்.

இரவு தோமோயாவிடம் சொன்னேன். அவர் பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே, "சொல்லிடேன் சயோகோ, என்ன ஆயிடப் போகுது?" என்றார்.

"நீ போய்ச் சொல்லு. காப்பகத்து வாசல்ல தினம் நிக்கிறது நீயா நானா?"

"எழுதினது நீதானே" என்றார்.

தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் ஆத்திரமே.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. போனில் இருக்கும் பெற்றோர் குழுவில் மாஹோவின் அம்மா எழுதியிருந்தார்: மாஹோவுக்கு முப்பத்தொன்பது, எங்கிருந்து பிடித்தாளோ, சனிக்கிழமை போச்சு. மாஹோ சுமிரேவின் பக்கத்துப் படுக்கையில் தூங்குகிற பிள்ளை. அதற்குக் கீழே காப்பகத்திலிருந்து ஒரு அறிவிப்பு. ஹனாஎ டீச்சருக்கும் ஃப்ளூ, இந்த வாரம் முழுக்க விடுப்பு, விழாவுக்கும் வர இயலாது. எல்லாரும் அழுகிற பொம்மைப் படங்களை அனுப்பினார்கள். நானும் தலை குனிந்து வணங்குகிற முயல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் சுமிரே நடக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து வைத்து அனுப்பிய தாய் என்று பெயர். அந்த மாதிரித் தாய்மாரைப் பற்றி நாங்கள் வாசலில் நின்று என்னென்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும், அதிகமாகப் பேசுவதே நான்தான்.

வியாழக்கிழமை முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சாயங்காலம் தலைமை டீச்சர் மினெகாவாவுக்குப் போன் செய்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை இரவு சுமிரேவின் உடம்பு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது, அளந்தபோது முப்பத்தேழு எட்டு மாதிரி ஏதோ காட்டியது, ஓடியாடியதில் ஏறியது என்று நினைத்துச் சற்றுப் பொறுத்து அளந்ததை டைரியில் எழுதிவிட்டேன், அதுதான் தொடக்கமாக இருக்குமோ என்று கேட்டேன். மருந்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அப்படீங்களா, சுமிரே அம்மா. ஞாயித்துக்கிழமைன்னா சனிக்கிழமை வரலாம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். குரலில் குற்றமும் இல்லை, கனிவும் இல்லை.

டாக்டரும், எனக்கும் அப்படித்தான் பட்டது என்று சொல்லி ஒரே நிமிடத்தில் போனை வைத்துவிட்டார். முடிந்தது. காப்பகத்துக்குத் திரும்பும்போது கொடுக்க வேண்டிய படிவத்தைப் பெற்றோரே நிரப்ப வேண்டும். அதில் தொடங்கிய தேதியாக ஞாயிற்றுக்கிழமையை எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் குத்தினேன். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை காலை சுமிரேவிடம் சொன்னேன், நாளைக்கு நீ போகலாம் என்று. குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப டீச்சர்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்."

"ஹனாஎ டீச்சர் கேட்டாங்க. நேத்தே சுட்டுச்சான்னு. நான் இல்லன்னு சொன்னேன். அதையும் சொன்னியா?"

"அதெல்லாம் பெரியவங்க விஷயம். நீ சாப்பிடு" என்றேன்.

அவள் சாப்பிட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை நாலரைக்கு எழுந்து அதே கோழி, அதே முட்டை, அதே உருண்டை. வானம் இந்தத் தடவை சுத்தமாக இருந்தது. காப்பகத்து மைதானத்தில் எல்லாரும் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தோம். சுமிரேவுக்கு உடம்பு தேறிவிட்டதே, கொடுத்துவைத்தவள் என்று பக்கத்து விரிப்பிலிருந்து சொன்னார்கள். ஆமாம், ஒரு நாளில் தப்பித்தோம் என்றேன். வர முடியாத ஹனாஎ டீச்சரும் மாஹோவும் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று, மினெகாவா டீச்சர் ஒரு போனைக் கம்பில் கட்டிப் பிள்ளைகள் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். எங்கே திரும்பினாலும் அந்தப் போன் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

மூங்கில் காலில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் மைக்கை வாங்கித் தன் பெயரையும் பெரியவனானதும் என்ன ஆகப்போகிறான் என்பதையும் சொல்ல வேண்டும். ரயில் ஓட்டப் போகிறேன், கேக் கடை வைக்கப் போகிறேன், தீயணைப்புக்காரன் ஆகப் போகிறேன். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பும் கைதட்டலும். தோமோயா கேமராவைத் தூக்கிப் பிடித்தார். சுமிரேவின் முறை வந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமல், கம்பில் கட்டியிருந்த போனுக்கு நேராகத் திரும்பி நின்றாள்.

"என் பேரு சுமிரே. ஹனாஎ டீச்சர், எனக்கு ஞாயித்துக்கிழமையே காய்ச்சல் இருந்துச்சு. நீங்க கேட்டப்ப இல்லன்னு பொய் சொல்லிட்டேன். அதனாலதான் உங்களுக்கும் மாஹோவுக்கும் வந்துடுச்சு. மன்னிச்சுக்கோங்க. நான் பத்து அடி நடக்கப் போறேன்."

கைதட்ட உயர்ந்த கைகள் பாதியில் நின்றன. அம்மா சொல்லச் சொன்னாங்க என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்னும் காத்திருந்தேன். மைக்கை டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் கழிகளை எடுக்கப் போய்விட்டாள். முழுவதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். பக்கத்து விரிப்பில் ஒருவர் இன்னொருவர் காதில், குழந்தைதானே, அதற்கு என்ன தெரியும் என்றார்.

எழுந்து நின்றேன். சாப்பாட்டுப் பெட்டி காலில் இடறிச் சாய்ந்தது. தோமோயா என் பாவாடை ஓரத்தைப் பிடித்து இழுத்தார். தட்டிவிட்டேன்.

"அது அவ பொய் இல்ல. நான்தான் சொல்லச் சொன்னேன். மருந்து வச்சு அனுப்பினதும் நான்தான், டைரியில மாத்தி எழுதினதும் நான்தான். டீச்சர், மாஹோ அம்மா, அவளை ஒண்ணும் நினைக்காதீங்க."

என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்காத மாதிரிக் கீச்சென்று இருந்தது. மினெகாவா டீச்சர் மைக்கைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். சில பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள், அதில் இரண்டு பேரோடு நான் தினமும் வாசலில் நின்று பேசுகிறவள். நான் உட்காரவில்லை.

சுமிரே அதற்குள் ஏறிவிட்டாள். முன்னால் கை நீட்டிக்கொண்டு நடக்க இன்று யாரும் இல்லை. மூன்றாவது அடியில் இடது கழி சாய்ந்தது, விழுந்தாள், எழுந்து மறுபடி ஏறினாள். நான்கு, ஐந்து, ஆறு. மைதானத்தில் அவள் கழி மண்ணில் குத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பத்தில் கோடு போட்டிருந்தார்கள், அங்கே இறங்க வேண்டும். பத்தும் ஆயிற்று. அவள் இறங்கவில்லை. கோட்டைத் தாண்டி, வரிசையை விட்டு, விரிப்புகள் பக்கமாகத் திரும்பி, நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தாள்.